இரும்பின் ஓசையும் இளைஞரின் இதயமும்

மூடிய அறைக்குள்ளே இளைஞன் ஒருவன் இசைத்தட்டொன்றைச் சுழலவிடுகின்றான். சுவர் அதிர்கின்றது, அடுக்களையிலுள்ள பாத்திரங்களும் சிலிர்க்கின்றன. "இதுவும் ஓர் இசையா? வெறும் இரைச்சலல்லவா!" என்று கூடத்திலிருந்து தந்தையார் கடிந்துகொள்கின்றார். மேலை நாடுகளிலே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இல்லந்தோறும் நிகழ்ந்துவரும் இச்சிறு வழக்கில் வாதியின் பக்கமும் நியாயமுண்டு. பிரதிவாதியின் பக்கமும் நியாயமுண்டு. 'ஹெவி மெட்டல்', அதாவது 'கன உலோகம்' என்று வழங்கும் அவ்விசையின் சுவைஞருள் நாமும் அடங்குவோம். ஆதலின் பிரதிவாதியின் சார்பிலே சில கூறவும், அதே வேளையில் தந்தையாரின் அச்சத்தை எள்ளாது ஆராயவும் இங்கு முற்படுகின்றோம்.

ஆலையில் அறுந்த விரல்கள்

இவ்விசையின் தாய்நிலம் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள பேர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரம். அங்கே 1965ஆம் ஆண்டில், தகட்டு ஆலையொன்றில் டொனி ஐயோமி என்ற பதினேழு வயது இளைஞர் வேலைபார்த்து வந்தார். கிட்டார் வாசிப்பதே அவர் உயிர். இசைக்குழுவொன்றுடன் வெளிநாடு செல்லும் நோக்கத்தோடு அவர் வேலையைவிட்டு நீங்கவிருந்த இறுதி நாள் அது. அன்று, தமக்குப் பழக்கமில்லாத பொறியொன்றை இயக்க நேர்ந்தபோது, அது அவரது வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் கொய்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர்; ஆகவே தந்திகளை அழுத்தவேண்டிய விரல்களே போயின.

மனமுடைந்து கிடந்தவரைக் காண ஆலையின் மேற்பார்வையாளர் வந்தார். கையில் ஓர் இசைத்தட்டும் கொண்டுவந்தார். அது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்னும் மேதையின் வாசிப்பு. 1928ஆம் ஆண்டிலே தீயில் கருகி, இடக்கையின் இரு விரல்கள் பயனற்றுப்போன பின்னும், எஞ்சிய விரல்களைக் கொண்டே உலகப் புகழ் எய்தியவர் அவர். ஒரே ஓர் இசைத்தட்டு ஒரு வாழ்வைத் திருப்பிவிட்டது! ஐயோமி நெகிழிப் புட்டியொன்றை உருக்கி விரல்களுக்குக் கவசம் செய்தார்; அதன்மீது தோலை ஒட்டினார்; மெல்லிய தந்திகளைத் தேடிப் பூட்டினார். பின்னர் 1971ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டிலே, விரலுக்கு நோவு குறையும்படி தந்திகளின் சுருதியையும் இறக்கினார். இறக்கிய சுருதியிலிருந்து பிறந்தது இருண்ட, கனத்த, மண்ணையே அசைப்பது போன்ற ஒரு நாதம். அவ்விசையின் கனத்திற்கு ஒரு தொழிலாளியின் காயமும் காரணமாயிற்று. 'இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இரா' என்னும் நம் முதுமொழியை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பேய்ச்சுரமும் பிரதி மத்திமமும்

ஐயோமியும், அதே ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த ஓஸி ஒஸ்போர்ன், கீசர் பட்லர், பில் வார்ட் ஆகியோரும் அமைத்த குழுவின் பெயர் 'பிளாக் சபாத்'. அவர்களது முதல் இசைத்தட்டு 1969 ஒக்டோபரில் ஒரே நாளிலே ஒலிப்பதிவாகி, 1970 பெப்ரவரி 13ஆம் நாள் வெளியாயிற்று.

அதன் முதற்பாட்டு மூன்றே சுரங்களில் நிற்கின்றது. முதலில் ஆதார சட்சம்; அடுத்து மேல் சட்சம்; பின்னர் அங்கிருந்து இறங்கி, கேட்போர் நெஞ்சை நடுக்கும் ஒரு சுரம். சட்சத்திற்கும் அச்சுரத்திற்குமுள்ள இடைவெளிக்கு ஐரோப்பிய இசை நூலோர் 'இசையில் உறையும் பேய்' என்று பெயரிட்டனர். ஆயின் அப்பேய் யார் தெரியுமா? நமக்கு நன்கு அறிமுகமான பிரதி மத்திமமே! எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் முப்பத்தாறு அதனை ஏற்றுள்ளன. கல்யாணியிலே அது மங்கலமாகவும், பந்துவராளியிலே உருக்கமாகவும் ஒலிக்கக் கேட்கின்றோம். ஒரு நாட்டார் அஞ்சும் சுரம் மறு நாட்டாரின் மணப்பந்தலிலே ஒலிக்கின்றதென்றால், இசையா இரைச்சலா என்று தீர்ப்பதில் செவியின் பழக்கத்திற்கும் பெரும் பங்குண்டு என்பது போதருகின்றதன்றோ?

நாம் போற்றும் நான்கு தட்டுகள்

இவ்விசைக்குப் புதியவரான மாணவர் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்று வினவினால் நாம் நான்கினைச் சுட்டுவோம்.

மேற்கூறிய 1970ஆம் ஆண்டுத் தட்டு முதலாவது. இரண்டாவது, ஜூடாஸ் பிறீஸ்ட் குழுவினரின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' (1980). இவர்களும் பேர்மிங்ஹாம் வட்டாரத்தினரே. குழுவின் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன், அப்பெயருடைய உருக்கு நிறுவனத்திலேயே முன்பு தொழில் பயின்றவர். எல்லா ஒலிகளையும் மின்கருவியால் ஆக்கும் வசதி அன்று இல்லை. ஆகவே பாற்புட்டிகளை உடைத்தும், கரண்டித் தட்டங்களைக் குலுக்கியும் தமக்கு வேண்டிய ஓசைகளைப் பதிவுசெய்தனர்.

மூன்றாவது, கிழக்கு இலண்டனில் தோன்றிய அயன் மெய்டன் குழுவினரின் 'பவர்சிலேவ்' (1984). கோல்ரிட்ஜ் என்னும் ஆங்கிலக் கவிஞரின் முதிய மாலுமி பற்றிய நெடும்பாட்டைத் தழுவி, பதின்மூன்று நிமிடத்திற்கு மேற்பட்ட ஒரு பாடலை இதில் அமைத்துள்ளனர். பாடப்புத்தகத்திலே கொட்டாவி விட்டுப் படித்த கவிதையை இப்பாடலின் வழியே விரும்பி நாடிய மாணவர் பலர்.

நான்காவது, அமெரிக்கக் குழுவான மெட்டாலிக்காவின் 'மாஸ்டர் ஒஃப் பப்பட்ஸ்' (1986). தலைப்புப் பாடல் போதைப்பொருளைப் பற்றியது. மனிதனைப் பொம்மையாக்கி ஆட்டும் எசமானாக அதனைக் காட்டுகின்றது. இசைத்தட்டு வெளியான அதே ஆண்டு செப்டெம்பரில், சுவீடன் நாட்டிலே நேர்ந்த பேருந்து விபத்தில் அக்குழுவின் கிளிஃப் பேர்ட்டன் இருபத்துநான்காம் வயதில் மாண்டார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், தேசத்தின் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் வரிசையில் 2016ஆம் ஆண்டு இத்தட்டைச் சேர்த்தது. இவ்விசை வகையிலிருந்து அவ்வரிசையிற் சேர்ந்த முதலாவது இதுவே.

வழக்குமன்றத்தில் ஓர் இசைத்தட்டு

இனித் தந்தையாரின் அச்சத்திற்கு வருவோம். அது அவர் ஒருவருக்கே உரியதன்று. 1985ஆம் ஆண்டு அமெரிக்காவிலே செல்வாக்குடைய தாய்மார் சிலர் ஒன்றுகூடி, இத்தகைய பாடல்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என முறையிட்டனர். செனட் சபைக் குழு விசாரணை நடத்தியது. ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் பாடகர் டீ ஸ்நைடர் சடைமுடியுடன் அங்கே தோன்றி, தாமும் ஒரு சிறு பிள்ளைக்குத் தந்தை என்பதை எடுத்துரைத்துத் தம் பாடல்களுக்காக வாதாடினார். இவ்வியக்கத்தின் பயனாகவே, பெற்றோருக்கு எச்சரிக்கை கூறும் சிட்டைகள் இசைத்தட்டுகளின் உறையில் இடம்பெறலாயின.

அதனினும் துயரமானது நெவாடா மாநிலத்து வழக்கு. அங்கே 1985ஆம் ஆண்டின் இறுதியில் இரு இளைஞர் தம் உயிரை மாய்க்க முற்பட்டனர். ஒருவர் அன்றே இறந்தார். மற்றவர் படுகாயத்துடன் சில ஆண்டுகளே வாழ்ந்தார். ஜூடாஸ் பிறீஸ்ட் பாடலொன்றிலே மறைந்திருந்த சொற்களே அவர்களைத் தூண்டின என்று குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தனர். 1990ஆம் ஆண்டு நீதிபதி தீர்ப்பளித்தார்: மறைமொழியாகத் தோன்றியது ஒலிகள் தற்செயலாக இணைந்ததேயாம், அதுவே மரணத்திற்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை. வழக்கு தள்ளுபடியாயிற்று.

ஆயினும் அத்தாய்மாரின் கண்ணீர் பொய்யன்று. துன்புற்ற பிள்ளை கடுமையான இசையை நாடுவதுண்டு. தன் உள்ளக் குமுறலை வேறொருவர் உரத்துச் சொல்லக் கேட்டு ஆறுதல் பெறுவோர் பலர். அறைக்குள்ளிருந்து இடைவிடாது அவ்வோசை கேட்குமாயின், தட்டைப் பறித்து உடைத்தல் மருந்தாகாது. கதவைத் தட்டி, அருகில் அமர்ந்து, "என்ன பாடுகின்றார்கள் தம்பி?" என்று கேட்டலே முதல் மருந்து.

சேகரிப்போன் கண்

இசைத்தட்டுச் சேகரிப்பு வெறும் பொழுதுபோக்கன்று. அதுவும் ஒரு கல்வியே. 1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டு, நிமிடத்திற்கு முப்பத்துமூன்றேகால் அன்று, முப்பத்துமூன்றும் மூன்றிலொரு பங்கும் சுழல்வது. பழைய அரக்குத் தட்டு மூன்று நிமிடமளவே பாட, இது பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்திற்கு மேலும் பாடிற்று. அதனாலன்றோ பதின்மூன்று நிமிட மாலுமிப் பாட்டு ஒரு பக்கத்தில் இடைமுறியாது அடங்கிற்று!

தேர்ந்த சேகரிப்போன் உறையின் ஓவியத்தில் மயங்கி நிற்பதில்லை. பாட்டு முடிந்தபின் மையத்தை அடுத்துள்ள வெற்றிடத்திலே பொறித்த எண்ணையும் எழுத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கின்றான். எந்த வார்ப்பு என்பதை அவை காட்டும். பிளாக் சபாத்தின் முதற்பதிப்பிலே 'வேர்ட்டிகோ' நிறுவனத்தின் கருப்பு வெள்ளைச் சுழல் முத்திரை இருக்கும். தட்டுச் சுழலும்போது அது கண்ணை உள்ளே இழுப்பது போலத் தோன்றும். தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கலாகாது; நூல்களைப் போல நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெயில் பட்டால் அவை வளைந்துவிடும். தூசு படிந்தால் ஊசி உராய்ந்து பள்ளத்தைக் கெடுக்கும்.

சேகரிப்பினால் விளைவதென்ன என்று கேட்போர்க்கு லார்ஸ் உல்ரிக்கின் கதையைக் கூறுவோம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவ்விளைஞர், ஆங்கிலக் குழுக்களின் அரிய தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். வெறும் வெள்ளை உறையிலே தம் தட்டைத் தாமே வெளியிட்ட 'டயமண்ட் ஹெட்' குழுவின் மீது அவருக்குத் தனிக்காதல். 1981ஆம் ஆண்டு, பதினேழு வயதில், அவர்களைக் காணவென்றே இங்கிலாந்து சென்று அவர்களுடனேயே தங்கினார். திரும்பிய அதே ஆண்டில் நண்பரொருவருடன் தொடங்கியதே மெட்டாலிக்கா. அக்குழுவினரின் ஆரம்பப் பதிவுகள் ஒலிநாடாக்களாகச் சுவைஞரிடையே தபாலிலே கைமாறிப் பரவின.

இத்தொழிலுக்கு ஆபத்தும் வந்தது. 2020 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் ஓர் ஆலை எரிந்தது. தட்டுகளின் மூலப்படி செதுக்குதற்கான மெருகுத் தட்டுகளை ஆக்கிவந்த ஆலை அது. அது போனபின் உலகில் எஞ்சியது யப்பானில் ஒன்றே. எனினும் ஆர்வம் குன்றவில்லை. 2022ஆம் ஆண்டு அமெரிக்காவிலே, 1987இற்குப் பின் முதன்முறையாக, குறுந்தட்டுகளினும் நெடுந்தட்டுகள் கூடுதலாக விற்றன. 2023ஆம் ஆண்டு, வேர்ஜினியாவிலுள்ள தட்டு வார்ப்பு ஆலையொன்றின் பெரும்பங்கை மெட்டாலிக்காவே வாங்கிற்று. தட்டுகளைத் தேடி அலைந்த சிறுவன் தட்டு வார்க்கும் ஆலைக்கு உடைமையாளருள் ஒருவனானான்!

வயல்வெளியில் ஒரு விழா

வட ஜேர்மனியிலே வாக்கன் என்றொரு சிற்றூர். குடிமக்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். 1990ஆம் ஆண்டு அவ்வூர் இளைஞர் இருவர் சரளைக்கல் குழியொன்றில் ஆறு குழுக்களை அழைத்து விழா எடுத்தனர். வந்தோர் ஏறக்குறைய எண்ணூறு பேர். இன்று அவ்விழாவுக்கு 85,000 பேர் வரை இடமுண்டு. கருஞ்சட்டை அணிந்த கூட்டத்தின் முன் ஊர்த் தீயணைப்புப் படையினரின் வாத்தியக் குழு வாசிக்கின்றது. ஊரவர் தம் முற்றங்களிலே உணவு விற்கின்றனர். 2023ஆம் ஆண்டு அடைமழையால் வயல்கள் சேறாகவே, அமைப்பாளர் மேலும் ஆட்களை உள்ளே விடாது நிறுத்தினர்.

அவ்வெச்சரிக்கை வீணன்று. 1988 ஓகஸ்ட் 20ஆம் நாள், இங்கிலாந்தின் டொனிங்டன் திடலிலே ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோர் கூடிய விழாவில், நெரிசலில் சிக்கி இரு இளைஞர் உயிரிழந்தனர். மறு ஆண்டு அங்கே விழா நிகழவில்லை. கூத்தாடும் கூட்டத்தில் எவரேனும் விழுந்தால், சூழ நிற்போர் உடனே தூக்கி நிறுத்தவேண்டும் என்பது இச்சுவைஞரின் எழுதாச் சட்டம்.

இன்னொன்றும் மாணவர் மறத்தலாகாது. உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்போர், 100 டெசிபெல்லுக்குப் பதினைந்து நிமிடமே வரையறுக்கின்றனர். "ஒலியைக் குறை" என்னும் தந்தையாரின் கட்டளை இங்கே முழுவதும் வெல்கின்றது.

பிறந்த மண்ணில் விடைபெறல்

2025 யூலை 5ஆம் நாள், ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் திடலிலே பிளாக் சபாத்தின் நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒன்றாய் மேடையேறினர். மெட்டாலிக்கா உள்ளிட்ட குழுக்கள் தம் மூத்தோருக்கு வணக்கம் செலுத்தின. நடுக்குவாத நோயால் நிற்க இயலாத ஓஸி அரியணை போன்ற ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். திரண்ட நிதி நடுக்குவாத ஆராய்ச்சிக்கும், அந்நகரச் சிறுவர் மருத்துவமனைக்கும், சிறுவர் பராமரிப்பு இல்லத்திற்கும் என ஒதுக்கப்பட்டது. பதினேழு நாட்களின் பின், எழுபத்தாறாம் வயதில் அவர் கண்மூடினார். அக்குழுவின் பெயர் தாங்கிய பாலத்தருகே மக்கள் மலர் குவித்தனர். முன்னொரு காலத்தில் பிள்ளைகளைக் கெடுப்பவர் என்று ஏசப்பட்டவரை வழியனுப்பப் பாட்டன்மாரும் பேரப்பிள்ளைகளும் ஒருங்கே நின்றனர்.

கூடத்திலிருக்கும் தந்தையாரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: ஒரு முறை, ஒரே ஒரு பக்கம், மகனோடு அமர்ந்து கேளுங்கள். அறைக்குள்ளிருக்கும் மகனிடமும் ஒன்று வேண்டுகின்றோம்: அப்பக்கம் முடிந்ததும், தந்தையார் போற்றும் கல்யாணியை அவரோடு அமர்ந்து கேள். இரண்டிலும் அதே பிரதி மத்திமம் ஒலிக்கக் காண்பீர்கள்.