ரத்தம் குடிக்காத வெருகு

காலையில் கோழிக்கூட்டைத் திறந்தால் ஏழெட்டுக் கோழி செத்துக் கிடக்கும். சதை அப்படியே இருக்கும். கழுத்தில் மட்டும் சின்னப் பொத்தல்கள். தரையில் ரத்தமும் அதிகம் இராது. “வெருகு ரத்தத்தை உறிஞ்சிட்டுப் போயிருச்சு” என்பார்கள். காட்டுப்பூனையான வெருகைப் பற்றிக் கிராமங்களில் அழுத்தமாக நிலைத்துவிட்ட கதை இது.

வெருகு ரத்தம் குடிப்பதில்லை. பிடரியைக் கவ்வும்போது அதன் கோரைப்பற்கள் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இறங்கித் தண்டுவடத்தை அறுத்துவிடுகின்றன. கோழி உடனே சாகிறது. இதயம் நின்றபின் ரத்தம் பீறிடாது, உள்ளுக்குள்ளேயே உறைந்துவிடும்.

தின்னாத கோழிகளை ஏன் கொல்ல வேண்டும்? விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972இல் வெளியிட்ட கட்டுரை இதை விளக்குகிறது. இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில், கும்மிருட்டு இரவுகளில் செந்நரிகள் கடற்காகங்களைக் கொன்று குவித்தன. பலவற்றைத் தொடக்கூட இல்லை. வேட்டையாடும் உந்துதல் வேறு, பசி வேறு. வெளியில் ஒன்று சிக்கியதும் மற்றவை பறந்துவிடும், வேட்டை அதோடு முடியும். இருட்டில் அந்தப் பறவைகள் எழும்பவில்லை. பூட்டிய கூட்டுக்குள் கோழிகளுக்கும் ஓட வழியில்லை. கண்முன்னே ஒவ்வொன்றாகச் சிறகடித்துப் பதற, உந்துதல் அடங்குவதே இல்லை. அதில் வஞ்சமும் இல்லை, வெறியும் இல்லை.

ரத்தம் உறிஞ்சும் கதையைச் சொல்பவர்களைவிடக் கூர்மையாக வெருகைக் கவனித்தவர் சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார். மாலை வேளையில் வேலியோரம் வெருகைக் கண்டு மிரண்டு குஞ்சுகளைக் கூவியழைக்கும் பெட்டைக்கோழியை அவர் குறுந்தொகையின் 139ஆம் பாட்டில் காட்டுகிறார். வெருகு ஊருக்குள் தலைகாட்டும் இடமும் பொழுதும் இன்றைக்கும் பெரும்பாலும் அவைதாம்.

கோழி அதற்கு எப்போதாவது கிடைப்பதுதான். ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஆய்வு, ஒரு வெருகு நாளொன்றுக்கு 3 முதல் 5 எலிகளைத் தின்னும் என மதிப்பிட்டது. நெல் வயலுக்குப் பக்கத்தில் இப்படியொரு விலங்கு இருப்பது பெரிய லாபம். கோழி போன ஆத்திரத்தில் சுருக்கு வைத்து அதைக் கொல்வது சட்டப்படியும் குற்றம். கூட்டின் அடிப்பக்கம் கல் பாவி, நெருக்கமான கம்பிவலை அடித்து, கதவுக்கு இறுக்கமான தாழ்ப்பாள் போட்டு, பொழுது சாயுமுன் கோழிகளை அடைத்துவிட்டாலே பெரும்பாலான இழப்பு தவிரும்.

கரும்பு வெட்டும்போது தோகைக்கடியில் வெருகுக் குட்டிகள் தென்படுவதுண்டு. பலர் சிறுத்தைக்குட்டி என்று பதறித் தூக்கிவிடுகிறார்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆட்கள் விலகினால், இரவில் தாய் வந்து ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய்விடும்.