கிட்டாருக்கு எதிரொலி தரும் பெட்டி!

நாமக்கல் மலை ஒரே பாறை. அப்படிப்பட்ட பெரிய பாறைக்கு 85 மீட்டர் தள்ளி நின்று கை தட்டினால் என்ன ஆகும்? சத்தம் பாறையில் மோதித் திரும்பி வர அரை வினாடி பிடிக்கும். அதுதான் எதிரொலி!

இந்த எதிரொலியைக் கையளவுப் பெட்டியில் அடைத்துவிட்டார்கள். பெயர் "டிஜிட்டல் டிலே பெடல்". மின்சார கிட்டார் வாசிப்பவரின் காலடியில் இருக்கும். மிதித்தால் வேலை செய்யும்.

1950-களில் இந்த வேலையைக் காந்த நாடா செய்தது. நாடா தேயும், அறுந்தும் போகும். 1980-களில் ஜப்பானின் பாஸ் கம்பெனி "டிடி-2" பெட்டியைக் கொண்டு வந்தது. அது கிட்டார் ஒலியை எண்களாக மாற்றிச் சேர்த்து வைக்கும். சற்றுப் பிந்தி, மறுபடி ஒலியாக்கி வெளியே விடும்.

மூன்று திருகு

எவ்வளவு நேரம் கழித்து, எத்தனை தடவை, எவ்வளவு சத்தம்? இதற்கு மூன்று திருகுகள்.

நேரத் திருகில்தான் சூட்சுமம். நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டா? ஒரு தட்டுக்கு அரை வினாடி. திருகை 500 மில்லி வினாடியில் வைத்தால் எதிரொலி தாளத்தின் மேலேயே வந்து விழும். தவறினால் போச்சு! தபேலா ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். பாடகர் எதைப் பிடிப்பது?

திருவிழா மைதானம்

சேலம், நாமக்கல் பக்கத்துத் திருவிழாவில் கச்சேரி நடக்கிறது என்று வையுங்கள். தூரத்துக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியின் சத்தம் பிந்தித்தான் காதுக்கு வரும். அதுவே ஓர் எதிரொலி! பெட்டியும் சேர்ந்துகொண்டால் பாட்டில் ஒரு சொல்லும் புரியாது. அங்கே ஒரே தடவை, அதுவும் மெல்லிய சத்தத்தில் ஒலித்தால் போதும்.

வீட்டில் பழகும்போது இஷ்டம்போல் திருகலாம், பக்கத்து வீட்டார் சம்மதித்தால்!