உலர்ந்த வண்ணம் சொன்ன சாட்சி

ஜாக்சன் பொல்லாக்கின் ‘மியூரல்’ ஓவியத்தைப் பற்றி ஒரு கதை நெடுங்காலம் உலவியது. ஆறு மீட்டர் அகலமுள்ள வெற்றுக் கான்வாஸின் முன் வாரக்கணக்கில் சும்மா இருந்த ஓவியர், கெடு நெருங்கியதும் ஆவேசம் வந்தவராக ஒரே இரவில் அதை வரைந்து முடித்தார் என்பதே கதை. மேதைகளைப் பற்றி நாம் நம்ப விரும்புவதும் இப்படித்தான். அது உண்மையா என்பதை எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வேதியியல் சோதித்துப் பார்த்தது.

அந்த ஓவியத்தை வரையச் சொன்னவர் பெக்கி குகன்ஹைம். சுரங்கத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பத்தில் 1898-ல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை 1912-ல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கினார். வாரிசுச் சொத்தோடு ஐரோப்பாவுக்குப் போன பெக்கி, இரண்டாம் உலகப் போர் மூண்ட நேரத்தில் பாரிஸில் நாளுக்கு ஓர் ஓவியம் வாங்குவதென்று முடிவுசெய்தார். ஜெர்மானியப் படை நெருங்கியபோது அவற்றைப் பத்திரப்படுத்த லூவர் அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. காப்பாற்றும் அளவுக்கு அவை மதிப்புள்ளவை அல்ல என்று அது கருதியது. பெக்கி அவற்றை வீட்டுச் சாமான்களோடு சேர்த்துக் கட்டி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். 1942 அக்டோபரில் நியூயார்க்கில் தன் காட்சிக்கூடத்தைத் திறந்த அன்று, ஒரு காதில் சர்ரியலிச ஓவியர் டாங்கி செய்த தோடும் மறு காதில் அரூபச் சிற்பி கால்டர் செய்த தோடும் அணிந்து வந்தார். இரு தரப்புக்கும் தான் பொதுவானவள் என்று அறிவித்த விதம் அது.

பொல்லாக் அப்போது பெக்கியின் பெரியப்பா சாலமன் குகன்ஹைமின் அருங்காட்சியகத்தில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்தார். 1943 ஜூலையில் பெக்கி அவருக்கு மாதம் 150 டாலர் தர ஒப்பந்தம் போட்டார். தன் வீட்டு நுழைவுக்கூடத்துக்கு ஒரு பெரிய ஓவியமும் கேட்டார். வீடு மாறினால் கூடவே எடுத்துப்போகலாம் என்பதால், சுவரில் அல்லாமல் கான்வாஸில் வரையும்படி யோசனை சொன்னவர் கலைஞர் மார்செல் துஷாம்ப். அவ்வளவு பெரிய துணியை விரித்துக் கட்ட, பொல்லாக் தன் குடியிருப்பின் தடுப்புச் சுவரையே இடிக்க வேண்டியிருந்தது.

லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி நிறுவனம் 2012 முதல் 2014 வரை இந்த ஓவியத்தை ஆராய்ந்தது. ஒரே இரவுக் கதையைச் சோதிக்கும் துப்பு, வண்ணம் காயும் விதத்தில் இருந்தது. தண்ணீரில் கரைத்த வண்ணம் ஈரம் வற்றியதும் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து மெல்ல இறுகுகின்றன. மெல்லிய பூச்சுக்கே பல நாள் பிடிக்கும். அடிப்பூச்சு ஈரமாக இருக்கும்போது அடுத்த நிறத்தைத் தீட்டினால் இரண்டும் விளிம்பில் கலந்து குழையும். காய்ந்த பிறகு தீட்டினால் எல்லைக்கோடு தெளிவாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு வண்ணத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் குறுக்குவெட்டாகப் பார்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்குகள் வரிசையாகத் தெரியும்.

‘மியூரல்’ ஓவியத்தில் மஞ்சள், நீலப்பச்சை, சிவப்பு, பழுப்பு ஆகிய நான்கு நிறங்களில் இட்ட முதல் கோடுகள் ஈரத்தின்மேல் ஈரமாகக் குழைந்திருந்தன. அந்தக் கட்டம் மட்டும் ஒரே மூச்சில் நடந்திருக்கலாம். அவற்றுக்கு மேலிருந்த எண்ணெய் அடுக்குகள் பலவும் காய்ந்த பரப்பின் மேல் அமர்ந்திருந்தன. அதாவது இடையில் பல நாட்களாவது கழிந்திருக்க வேண்டும். பாலிலுள்ள கேசீன் புரதம் கலந்த, கடையில் விற்கும் வெள்ளைச் சுவர்ப்பூச்சையும் பொல்லாக் பயன்படுத்தியிருந்தார். நிறங்கள் நெருக்கியடித்த இடங்களில் வெளியை மீட்க அந்த வெள்ளை உதவியது. தீட்டியதைப் பார்த்து, யோசித்து, திருத்தியவரின் வேலை இது.

ஓவியத்தின் பிற்கால நோயையும் அதே ஆய்வு விளக்கியது. வண்ணத்தின் கனம் தாங்காமல் கான்வாஸ் தொய்ந்து போயிருந்தது. 1973-ல் பின்புறம் மெழுகு ஏற்றி இன்னொரு துணி ஒட்டியபோது அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிட்டது. ஓவியத்தை இழுத்து நேராக்க முயன்றால் வண்ணம் சேதமடையும் என்பதால், கெட்டி வல்லுநர்கள் அதன் வளைவுக்கு ஏற்ப வளைந்த மரச்சட்டத்தைச் செய்து மாட்டினார்கள்.

பெக்கி பின்னர் வெனிஸில் குடியேறினார். ‘மியூரல்’ ஓவியத்தை அயோவா பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டார். 1979-ல் அவர் இறந்த பிறகு, கால்வாய்க் கரையிலிருந்த அவருடைய மாளிகை அருங்காட்சியகமானது. விசித்திரமான தோடுகளும் கறுப்புக் கண்ணாடியும் செல்ல நாய்களுமாகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. பொல்லாக்குக்கு அவர் அளித்தது அந்த நினைவில் அடங்குவதில்லை. ஒரே இரவுக் கதை உண்மையாக இருந்திருந்தால், பொல்லாக்குக்கு ஒரு கான்வாஸும் ஓர் இரவும் போதும். புரவலர் தேவையே இல்லை. வண்ண அடுக்குகள் அதை மறுக்கின்றன. ஒரு பூச்சு காயும்வரை காத்திருக்கவும், மறுநாள் மனம் மாறவும் ஒரு கலைஞருக்கு வாடகைக் கவலையற்ற நாட்கள் வேண்டும். பெக்கியின் மாதம் 150 டாலர் வாங்கித் தந்தது அந்த நாட்களைத்தான்.