பொருளாதாரத் தடை: அடி யாருக்கு?

ஊர்க் கட்டுப்பாட்டை மீறினவனை ஒதுக்கி வைக்கிற வழக்கம் கிராமங்களில் உண்டு. கடையில் சாமான் கிடையாது, முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. நாடுகளுக்குள் அதையே செய்வதுதான் பொருளாதாரத் தடை.

1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்தில் நுழைந்தது. நான்கே நாளில் ஐ.நா. பாதுகாப்பு சபை 661-ம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஈராக் எண்ணெய் விற்கக் கூடாது. மருந்து, அவசர உணவு தவிர எதையும் வாங்கக் கூடாது. குண்டு போடுவதைவிட இது மேல்தானே? ஆனால் சதாம் உசேன் அசையவில்லை. 1991 பிப்ரவரியில் குவைத்தை மீட்டது போர்தான்.

அதற்குப் பிறகும், நாசகார ஆயுதங்களை ஒழிக்கணும் என்று தடை நீடித்தது. டெக்னிகல் படிக்கிற நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். போரில் மின் நிலையங்கள் நொறுங்கியிருந்தன. கரண்ட் இல்லாவிட்டால் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாவிட்டால் குடிதண்ணீரும் இல்லை, சாக்கடைச் சுத்திகரிப்பும் இல்லை. ஸ்பேர் பார்ட் வாங்க நியூயார்க்கில் ஒரு கமிட்டி சம்மதிக்கணும். குளோரினில் விஷவாயு செய்யலாமே என்று அதற்கும் கெடுபிடி. அந்தத் தண்ணியைக் குடிச்சது சதாமா? அவர் அரண்மனை கட்டிக்கிட்டு இருந்தார்.

எண்ணெய் விற்று உணவு வாங்கும் திட்டம் 1996 டிசம்பரில்தான் தொடங்கியது. ஈராக்கில் ஐ.நா. நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கிய டெனிஸ் ஹாலிடே, தடையை எதிர்த்து 1998-ல் வேலையையே உதறினார். மாதச் சம்பளத்துக்கு ஏங்குகிற வீட்டுப் பிள்ளையான எனக்கு இதை நம்பவே நேரம் பிடித்தது.

ஆயுதத்துக்குத் தடை போடட்டும், ஆள்பவர்களின் பேங்க் கணக்கை முடக்கட்டும். பம்ப்பில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. 2003 மே மாதம் வர்த்தகத் தடை நீங்கியபோது சதாம் ஆட்சியில் இல்லை. அவரை இறக்கியதும் தடை இல்லை, அமெரிக்கா தலைமையில் வந்த படைதான்.