விமானத்தின் கம்ப்யூட்டர் நின்றுபோனால்?

"மக்களே, நம்ம வீட்டு கம்ப்யூட்டர் பாதியிலே நின்னு போவுதே. பிளேன்ல உள்ள கம்ப்யூட்டரும் அப்படி நின்னா என்ன செய்யதுக்கு?"

மார்த்தாண்டத்தில் என் மாமி கேட்ட கேள்வி இது. மகன் துபாயில் வேலை பார்க்கிறான். பேத்தியை மாமி இதுவரை கம்ப்யூட்டர் திரையில்தான் பார்த்திருக்கிறார். டிக்கெட் வந்த பிறகும் பயம் போகவில்லை. உங்களுக்கும் இந்தப் பயம் இருக்கலாம். அவருக்குச் சொன்னதையே இங்கே தருகிறேன்.

மூன்று கம்ப்யூட்டர்கள்

நெடுந்தூரப் பயணத்துக்கு அதிகம் பயன்படும் போயிங் 777 விமானம் 1995-ல் சேவைக்கு வந்தது. இதன் இறக்கைகளிலும் வாலிலும் உள்ள அசையும் பாகங்களைக் கட்டுப்படுத்த முதன்மைக் கம்ப்யூட்டர்கள் மூன்று உள்ளன. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று பிராசசர்கள்: இன்டெல் 80486, மோட்டோரோலா 68040, ஏஎம்டி 29050. முதலாவது, 1990களில் வீட்டு கம்ப்யூட்டர்களில் இருந்த அதே 486 தான்!

ஏன் மூன்று கம்பெனி சிப்கள்? ஒரே வகை சிப் என்றால் அதிலுள்ள குறை எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தலைகாட்டும். வேறு வேறு வகை என்றால் அந்த ஆபத்து மிகவும் குறைவு. ஒன்று தவறினால், மற்றவற்றோடு ஒப்பிட்டு அது ஒதுக்கப்படும். எஞ்சினும் அப்படித்தான். இரண்டில் ஒன்று நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு பறந்து அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கலாம்.

"அப்போ 2016-ல நம்ம திருவனந்தபுரத்துல இருந்து போன பிளேன் எரிஞ்சுதே?" என்றார் மாமி.

துபாயில் நடந்தது என்ன?

2016 ஆகஸ்ட் 3. திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் இகே 521, ஒரு போயிங் 777. விமானத்தில் 300 பேர் இருந்தார்கள். துபாயில் இறங்கும்போது காற்றின் திசை மாறியது. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்ட பின், மறுபடி மேலெழும்ப விமானிகள் முடிவு செய்து அதற்கான பட்டனை அழுத்தினார்கள். சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் அந்த பட்டன் வேலை செய்யாது. வடிவமைப்பே அப்படி. எஞ்சின் வேகம் கூடவில்லை என்பதை அவர்கள் உடனே கவனிக்கவில்லை. சுமார் 85 அடி உயர்ந்த விமானம் மீண்டும் கீழே வந்து ஓடுபாதையில் மோதி, சறுக்கிச் சென்று தீப்பிடித்தது.

கம்ப்யூட்டர் இங்கே பழுதாகவில்லை. அது என்ன செய்கிறது என்பதைச் சரிபார்க்கத் தவறிவிட்டார்கள். ஒரு ஃபைலை "சேவ்" செய்துவிட்டதாக நினைத்து, பார்க்காமலே கம்ப்யூட்டரை அணைப்பதைப் போல.

ஆனாலும் 300 பேரும் உயிர் பிழைத்தார்கள். விமானம் நின்று சுமார் 9 நிமிடங்கள் கழித்து எரிபொருள் டேங்க் வெடித்தது. பயணிகள் எல்லோரும் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். தீயை அணைக்க வந்த வீரர் ஒருவர்தான் உயிரிழந்தார்.

உங்கள் பங்கு

ஒரு விமான மாடலுக்கு அனுமதி தரும் முன், பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பெட்டி தூக்குவதற்கு நேரம் கிடையாது. இகே 521-ல் சிலர் பைகளோடு இறங்கினார்கள். அது பின்னால் நிற்பவரின் நேரத்தைத் தின்பது.

- உட்கார்ந்ததும் அருகிலுள்ள இரண்டு கதவுகளுக்கும் எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, எண்ணிக்கை உதவும்.
- உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் போட்டிருங்கள். விமானம் குலுங்கும்போது அடிபடாமல் காப்பது அதுதான்.
- பாஸ்போர்ட்டைச் சிறு பையில் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.
- "வெளியேறுங்கள்" என்றால் பெட்டியைத் தொடாமல் வெளியேறுங்கள்.

எல்லாவற்றையும் கேட்ட மாமிக்கு ஒரே ஒரு சந்தேகம். "பேத்திக்குச் சுட்ட முந்திரிக்கொத்தையும் விட்டுட்டா இறங்கணும்?"

"ஆமா மாமி. அதைத் துபாயில திரும்பச் சுடலாம்."