காலி நாற்காலி

வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம். 1999 ஜனவரி 7 அன்று, கொலம்பியாவின் சான் விசென்டே டெல் காகுவானில் அதிபர் மேடையில் உட்கார்ந்திருந்தார்; பக்கத்து நாற்காலி காலி. பேச்சுவார்த்தையைத் தொடங்கிவைக்க வரவேண்டிய ஃபார்க் கெரில்லாத் தலைவர் வரவில்லை. தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டார்.

சாக்காகவே இருக்கட்டும். அந்தச் சாக்கு எடுபட ஒரு பழைய கணக்கு இருந்தது. 1984இல் போர்நிறுத்தம், மறு ஆண்டே கெரில்லாக்கள் தேர்தல் அரசியலுக்கு வர வழியாக ‘தேசபக்த ஒன்றியம்’ என்ற கட்சி பிறந்தது. நின்றார்கள், ஜெயித்தார்கள், செத்தார்கள். அதிபர் தேர்தலில் நின்றவர்களில் ஒருவரை 1987இலும் இன்னொருவரை 1990இலும் சுட்டுக் கொன்றார்கள். செனட்டர், மேயர், கவுன்சிலர், துப்பாக்கியையே தொடாத சாதாரணத் தொண்டர் என யாரும் தப்பவில்லை. கொலை, காணாமல் ஆக்கப்படுதல், ஊரைவிட்டு விரட்டப்படுதல் எல்லாம் சேர்த்து 6,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாக, கோஸ்டா ரிகாவில் உள்ள மனித உரிமை நீதிமன்றம் 2023இல் சொன்னது.

நிலத்தைப் பங்கு போடலாம், பதவியைப் பங்கு போடலாம். ஆயுதத்தை ஒப்படைத்தபின் எதிராளி மனம் மாறினால் என்ன செய்வது? இரு நாடுகள் சண்டை போட்டால், முடிந்ததும் அவரவர் எல்லைக்குத் திரும்பிவிடலாம். உள்நாட்டுப் போரில் திரும்பிப் போக இருப்பது அதே ஊர். சுட்டவன் வீடு அடுத்த தெருவில்.

காகுவானில் பேச்சுக்காக ராணுவம் விலகிக்கொடுத்த நிலம் 42,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடப் பெரிது. மூன்று ஆண்டு இழுத்த பேச்சு, 2002 பிப்ரவரியில் ஒரு விமானக் கடத்தலோடு முறிந்தது. கொக்கெய்ன் பணம் புரளும்போது சமாதானம் எதற்கு என்பவர்கள் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கோகா பயிர் 2016இலும் இருந்தது. அந்த ஆண்டு அரசுக்கும் ஃபார்க்குக்கும் இடையே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதே!

அப்போது ஒப்படைத்த துப்பாக்கிகளை உருக்கி, தகடுகளாக வார்த்து, போகோட்டாவில் ஒரு நினைவுக்கூடத்துக்குத் தரையாகப் பதித்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் அதை மிதித்துத்தான் நடக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தை நம்பி ஆயுதத்தைக் கைவிட்டவர்களில் 400 பேருக்கு மேல் இதற்குள் கொல்லப்பட்டுவிட்டார்கள்.