அணிலும் குண்டூசியும்

ராஜபாளையத்து மில் ஒன்றில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களுக்கு மேஸ்திரி நான். ஒடிசாவிலிருந்து வந்த பையன் முதல் நாள் "பாணி, பாணி" என்றான். பணிதான் கேட்கிறானாக்கும் என்று இன்னொரு ஃபிரேமையும் அவன் தலையில் கட்டினேன். தண்ணீர் கேட்டிருக்கிறான், பாவம்.

மறுநாள் சொம்பு, நூல், பாபின் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். அவன் ஒடியாவில் சொல்ல, நான் தமிழில். மிஷின் ஓடினால் எந்த மொழியும் காதில் விழாது. இழை அறுந்ததற்கு இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவோம், அவ்வளவுதான்.

இரண்டு மொழி இந்த ஊருக்குப் புதிதில்லை. ராஜு சமூகத்தார் வீட்டில் இன்றும் தெலுங்கு, கடைவீதியில் தமிழ். அவர்களில் ஒருவரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1954இல் ஒரிசாவுக்கே ஆளுநராகப் போனார். அங்கே அவருக்கு 'பாணி' சொல்லிக்கொடுத்தது யாரோ!

ஞாயிறன்று பையனைச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போனேன். 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமான காடு. கிளையில் வால் தொங்க ஒன்று உட்கார்ந்திருந்தது.

"அணில்" என்றேன்.

"குண்டுச்சி!" என்றான்.

"குண்டூசி இது தம்பி" என்று சட்டையில் குத்தியிருந்ததைக் கழற்றிக் காட்டினேன். ஊசியையும் மரத்தையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தான்.

திங்கட்கிழமையிலிருந்து ஒடிசாப் பையன்களுக்கு நான் 'குண்டூசி அண்ணா'.